ஆடை நிறுவனப் பக்கத்தை நடத்தப்போகும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேஷன் வடிவமைப்பு, விஸ்காம், வணிகவியல் வகுப்புகளிலிருந்து இந்த ஆண்டு பயிற்சிக்குப் புறப்படும் மாணவர்களுக்கு,

ஆடை நிறுவனத்தில் சமூக ஊடகப் பயிற்சி என்றால், அந்த நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் பக்கங்களுக்கு வேண்டிய படமும் வீடியோவும் எழுத்தும் தயாரிப்பது, நேரம் பார்த்து வெளியிடுவது, வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, மாத முடிவில் கணக்கு காட்டுவது. இவற்றைச் செய்துகொண்டேதான் கற்க வேண்டும். காலம் பெரும்பாலும் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. மற்றப் பயிற்சிகளிலிருந்து இதைப் பிரிக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. கணக்குப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் போட்ட கூட்டலை மேலே இருப்பவர் சரிபார்த்த பிறகுதான் அது வெளியே போகும். சமூக ஊடகப் பிரிவில், சேர்ந்து சில வாரமே ஆனவர் தட்டச்சு செய்த வரி அடுத்த நிமிடமே நிறுவனத்தின் வாக்காக ஆயிரக்கணக்கானவர் கைக்குப் போய்விடுகிறது. சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவரே நிறுவனத்தின் பெயரில் ஊரோடு பேசுகிறார். இந்தப் பயிற்சியில் கிடைக்கும் வாய்ப்பும் இதில் உள்ள ஆபத்தும் இங்கிருந்துதான் வருகின்றன.

இந்த வேலைக்கு வயது அதிகமில்லை. இன்ஸ்டாகிராம் தொடங்கியது 2010 அக்டோபரில். முதல் பத்தாண்டில் துணிக்கடைகளுக்கு அது ஒரு புகைப்பட ஆல்பம். புகைப்படக்காரர் எடுத்துத் தந்த படங்களை யாராவது ஒருவர் ஏற்றிவிட்டால் போதும். 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. குறும்வீடியோவை ஒரு கைப்பேசியில் எடுத்து, வெட்டி, இசை சேர்த்து ஒரே நாளில் வெளியிட வேண்டிய நிலை வந்ததும், அது கைப்பழக்கமாகவே வரும் இளைஞர்களை நிறுவனங்கள் தேடத் தொடங்கின. பெரிய பிராண்டுகள் மட்டுமல்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனியும் தி.நகர் பட்டுக்கடையும் வீட்டு மாடியில் இயங்கும் பூட்டிக்கும் இன்று பயிற்சிக்கு ஆள் கேட்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் ஆண்டு, முகூர்த்த நாள்களையும் பண்டிகைகளையும் ஒட்டி ஓடுகிறது. ஆடித் தள்ளுபடிக்கான வீடியோ ஆனியிலேயே தயாராகிவிடும். தீபாவளித் துணிகளுக்கான படப்பிடிப்பு ஆவணியில் நடக்கும். ஐப்பசியில் பட்டாசு வெளிச்சத்தில் சிரிப்பதாகத் தெரியும் குடும்பம், ஆவணி வெயிலில் வியர்த்தபடி பட்டு உடுத்தி நின்றவர்கள்தான். எந்த மாதத்தில் சேர்கிறோம் என்பதைப் பொறுத்துக் கற்பதும் மாறும். பண்டிகைக்கு முந்தைய இரண்டு மாதத்தில் வேலை நெருக்கும், படிப்பும் அதிகம் கிடைக்கும். பண்டிகை நெருக்கடி இல்லாத மாதங்களில் ஓய்வு இருக்கும், ஆனால் பெரிய படப்பிடிப்பு எதையும் பார்க்காமலே பயிற்சி முடிந்துவிடக்கூடும்.

சேர்ந்த முதல் நாளே பெரும்பாலான இடங்களில் மாணவர் கையில் கைப்பேசியும் டிரைபாடும் கொடுக்கப்படுகின்றன. முதலில் கொடுக்கப்பட வேண்டியது துணி. துணியைத் தொட்டு, பிரித்து, பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்படும் வரி எல்லாக் கடைக்கும் பொதுவான வரியாகத்தான் இருக்கும். "அழகு", "ராயல் லுக்", "உங்கள் தருணத்துக்காக" என்பவை எந்தச் சேலைக்குக் கீழும் ஒட்டும். ஒரு காஞ்சிபுரம் சேலையை எடுத்துக்கொண்டால் சொல்வதற்கு எத்தனை இருக்கிறது என்று பார்க்கலாம். கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம் என்று அமைந்த கோர்வைச் சேலையை நெய்ய, நூலைக் கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தருவார். உடலும் கரையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அந்தக் கோட்டை அருகில் வைத்துக் காட்டினாலே, விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முந்தானைக்கு வேறு நிறப் பாவு சேர்த்திருந்தால் அந்த இணைப்பு துணியின் பின்பக்கத்தில் தெரியும். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கைநெசவின் வேலை அதிகம் தெரிவது அங்கேதான்.

நிறம்தான் இந்த வேலையின் மிகப் பெரிய தலைவலி. நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடையில் இன்னொரு நிறமும் கொடுத்து நெய்த பட்டு, மடிப்பில் ஒன்றாகவும் விரித்தால் வேறாகவும் தெரியும். மயில்கழுத்து நிறத்தின் அழகே அந்த மாற்றம்தான். கைப்பேசிக் கேமரா அதைப் புரிந்துகொள்ளாது. ஒளியைத் தானே சரிசெய்து பச்சையை நீலமாக்கும், வாடாமல்லியை அப்பட்டமான ரோஸாக்கும், அரக்கை வெறும் சிவப்பாக்கும். கடைக்குள் மஞ்சள் எல்இடியும் வாசல் பக்கம் பகல் வெளிச்சமும் கலந்து விழுந்தால் ஒரே சேலை இரண்டு நிறத்தில் பதிவாகும். செய்ய வேண்டியது எளிது. ஒரே வகை வெளிச்சத்தில், முடிந்தால் நேர் வெயில் விழாத சன்னல் ஓரத்தில், துணியை வைக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை முதலில் படமெடுத்து அதை வைத்து நிறச் சமநிலையைச் சரிசெய்ய வேண்டும். கேமராவின் தானியங்கி ஒளியைப் பூட்டிவிட வேண்டும். எடுத்த படத்தை இரண்டு மூன்று வேறு கைப்பேசிகளில் திறந்து, சேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சில திரைகள் எல்லா நிறத்தையும் கூட்டிக் காட்டும். கடைசியில் வீடியோவிலேயே துணியை ஒருமுறை மெதுவாக மடித்து விரித்துக் காட்டிவிட்டால் இரண்டு நிறமும் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். "எம்.எஸ். புளூ இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர் மனத்தில் மிகத் துல்லியமான ஒரு நீலம் இருக்கிறது. பார்சலில் வேறு நீலம் வந்தால் அவர் திருப்பி அனுப்புவார், அடுத்த முறை அந்தக் கடைப் பக்கம் வரமாட்டார்.

முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர்களைக் கைவிடச் சொல்வதற்கும் இதே காரணம் போதும். மாடலின் தோலை இரண்டு படி வெளுப்பாக்கினால் துணியின் நிறமும் கூடவே மாறிவிடும். மாநிறமும் கறுப்பும் பெரும்பான்மையாக உள்ள ஊரில், தங்கள் நிறத்தில் அந்தச் சேலை எப்படி இருக்கும் என்று பார்க்க வரும் பெண்களிடமிருந்து அந்த வாய்ப்பைப் பறிப்பது அதைவிடப் பெரிய தவறு.

அடுத்தது சொல். துணி வியாபாரத்தில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு சட்டமோ சான்றோ இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. திருபுவனம் பட்டும் காரைக்குடிப் பகுதியின் கண்டாங்கிச் சேலையும் 2019இல் பெற்றன. அந்தப் பெயரை அதற்குரிய பகுதியில், உரிய முறையில் நெய்யாத துணிக்குச் சூட்டுவது 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். பொய்யாகக் குறியிட்டு விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உள்ளன. விசைத்தறியில் ஓடிய செமி சில்க் சேலைக்குக் கீழே தேடலில் மேலே வர வேண்டும் என்பதற்காக "காஞ்சிபுரம்" என்று ஹேஷ்டேக் போடுவது பயிற்சியாளர்கள், அதாவது பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், செய்யும் மிகச் சாதாரணமான வேலை. போடச் சொல்பவர் மேலாளராக இருந்தாலும் போடுகிற கை பயிற்சியாளருடையது.

சான்றுகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். சில்க் மார்க் முத்திரை அந்தத் துணி இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கைத்தறி என்பதற்குச் சான்று ஹேண்ட்லூம் மார்க். ஆக, சில்க் மார்க் உள்ள சேலையை "கைத்தறிப் பட்டு" என்று எழுதினால் பாதி உண்மையாகவும் பாதி பொய்யாகவும் இருக்கலாம். "ஆர்ட் சில்க்" என்று பட்டியலில் இருந்தால் அது செயற்கை இழை, கலைநயமிக்க பட்டு என்று பொருள் கொண்டு எழுதிவிடக் கூடாது. ஒரு இழையை உருவி எரித்துப் பார்ப்பது கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து நொறுங்கும் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஜரிகை வெள்ளியா, செம்பா, பிளாஸ்டிக்கா என்பதைக் கடையின் கொள்முதல் பிரிவில் கேட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பூர் உடைகளில் இதே கவனம் ஜிஎஸ்எம் என்ற எண்ணில் வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைச் சொல்லும் எண் அது. 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டும் 240 ஜிஎஸ்எம் டி-ஷர்ட்டும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். உடுத்தினால் சென்னை வெயிலில் வித்தியாசம் உடனே தெரியும். அளவு அட்டவணையையும் துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பதிவு, பத்து நடன ரீல்களைவிட அதிகம் பயன் தரும்.

பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவதும் பெரிய பிழைதான் என்பதற்கு 2025 ஜூனில் நடந்தது ஒரு பாடம். மிலான் நகரில் பிராடா நிறுவனம் காட்டிய ஆண்கள் உடை அணிவகுப்பில் மாடல்கள் அணிந்து வந்த செருப்புகள் கோலாப்புரிச் செருப்புகளை அப்படியே ஒத்திருந்தன. நிறுவனத்தின் விவரக்குறிப்பில் அவை தோல் செருப்புகள் என்று மட்டுமே இருந்தன. கோலாப்புரிச் செருப்பு 2019இல் மகாராஷ்டிர, கர்நாடக மாவட்டங்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற பொருள். இந்தியாவிலிருந்து எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அந்த வடிவம் இந்தியக் கைவினைஞர்களின் மரபிலிருந்து வந்தது என்பதை நிறுவனம் மகாராஷ்டிர வணிகச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு சொல்லை முதலிலேயே எழுதியிருந்தால் அத்தனை தூரம் போயிருக்காது. சுங்குடி அச்சை டி-ஷர்ட்டில் போடும் சென்னை பிராண்டுக்கும் இது பொருந்தும். மதுரை என்ற பெயரும் கட்டிச் சாயமேற்றுபவர்களின் உழைப்பும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும்.

அறியாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொரு நிகழ்வு, இந்தப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2014 ஜூலை, அமெரிக்கச் சுதந்திர நாளை ஒட்டிய நேரம். அமெரிக்கன் அப்பேரல் என்ற ஆடை நிறுவனத்தின் டம்ப்ளர் வலைத்தளப் பக்கத்தில் வானில் வெண்புகை சுருண்டு விரியும் ஒரு படம் புகை, மேகம் என்ற குறிப்புகளோடு வெளியானது. அது 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏழு வீரர்களோடு வெடித்துச் சிதறிய படம். அந்தப் பக்கத்தை நடத்திய ஊழியர் அந்த விபத்துக்குப் பிறகு பிறந்தவர், வெளிநாட்டுக்காரர், படம் எதைக் குறிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த ஊழியரைக் குறை சொல்வது எளிது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதை வெளியிடும் முன் ஒரு நொடி பார்த்திருந்தால் நின்றிருக்கும். பார்க்க ஆளில்லாத அமைப்பைக் கட்டியது நிறுவனம். 2018 நவம்பரில் டோல்சே அண்ட் கபானா வெளியிட்ட விளம்பர வீடியோக்கள், சீனப் பெண் ஒருவர் குச்சிகளால் பீட்சா சாப்பிடத் திணறுவதாகக் காட்டியதற்காகச் சீனாவில் கொதிப்பைக் கிளப்பின. ஷாங்காயில் நடக்கவிருந்த அணிவகுப்பு நடக்கவேயில்லை, சீன இணைய அங்காடிகள் சரக்கை எடுத்துவிட்டன, நிறுவனர்கள் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்கள். அது பயிற்சியாளர் செய்த பிழை அல்ல. பார்க்கப்போகும் மக்களில் ஒருவரை அறையில் உட்கார வைத்துக் கேட்காமல் எடுத்த முடிவின் விளைவு.

ஆகவே ஒவ்வொரு பதிவும் வெளியாகும் முன் இரண்டாவது ஒருவர் பார்த்துச் சரி சொல்லும் ஏற்பாடு வேண்டும். அது வாட்ஸ்அப்பில் ஒரு "ஓகே"யாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். சாதி, மதம், துக்கம், தேர்தல், விபத்து ஆகியவற்றைத் தொடும் எதையும் பயிற்சியாளர் தனியாக முடிவெடுக்கும் நிலையில் விடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த நாளில், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த தள்ளுபடிப் பதிவுகளை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரச் சட்டத்தைக் கல்லூரியில் பலர் படிப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. பொருளைப் பரிந்துரைப்பவர் மீதும் அது பாயும், அவரை ஓராண்டு, பிறகு மூன்றாண்டு வரை பரிந்துரை செய்யவிடாமல் தடுக்கவும் முடியும். பணமோ இலவசப் பொருளோ பயணமோ பெற்றுப் பேசுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதில் வேலை உறவும் அடங்கும். பயிற்சியாளர் தன் சொந்தக் கணக்கில் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு "இதைவிட நல்ல துணி பார்த்ததே இல்லை" என்று எழுதினால், தான் அங்கே வேலை செய்வதையும் எழுத வேண்டும். இன்ஃப்ளூயன்சருக்குப் பார்சல் அனுப்பும் வேலை பெரும்பாலும் பயிற்சியாளர் தலையில்தான் விழும். அந்தப் பார்சலோடு, "விளம்பரம்" என்று குறிப்பிடும்படி கேட்கும் ஒரு வரியையும் அனுப்புவது அவர் வேலையில் சேரும்.

"இன்னும் ரெண்டே பீஸ்தான்", "இன்றோடு முடிகிறது" என்று எழுதச் சொல்வார்கள். கிடங்கில் இருநூறு இருக்கும்போது இப்படி எழுதுவது போலி அவசரம். ஏமாற்று உத்திகள் குறித்த 2023 நவம்பர் வழிகாட்டுதல்களில் அது பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "நூறு சதவீதம் இயற்கைச் சாயம்" போன்றவற்றுக்கும் 2024 அக்டோபரில் தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆதாரம் காட்ட முடியாத பசுமைப் பேச்சு அதன்படி தவறு. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு ஓடியதையும், அதைத் தடுக்க நீதிமன்றம் தலையிட்டு 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் அறிந்த கொங்கு மண்ணில் இந்தச் சொற்களை லேசாக எழுதிவிட முடியாது. எந்தச் சாயப்பட்டறை, கழிவுநீர் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது என்று கேட்டு, பதில் கிடைத்தால் அதை எழுதலாம். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

இசையில் பலர் சறுக்குகிறார்கள். தனிநபர் கணக்கில் கிடைக்கும் சினிமாப் பாட்டுகள் பல, வணிகக் கணக்கில் கிடைப்பதில்லை. வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமம் வேறு என்பதே காரணம். சிலர் பயிற்சியாளரின் சொந்தக் கணக்கிலிருந்து பாட்டோடு வெளியிட்டு நிறுவனக் கணக்கை அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். விளம்பரம் விளம்பரம்தான், கணக்கு மாறியதால் உரிமை வந்துவிடாது. அமெரிக்காவில் பேங் என்ற பானத்தைத் தயாரித்த நிறுவனம் டிக்டாக் வீடியோக்களில் அனுமதியின்றிப் பாட்டுகளைப் பயன்படுத்தியதற்காக 2021இல் யுனிவர்சல் மியூசிக் வழக்குத் தொடுத்தது, அடுத்த ஆண்டே தீர்ப்பு யுனிவர்சலுக்குச் சாதகமாக வந்தது. தனியாக உரிமம் வாங்கத் தேவையில்லாத இசைத் தொகுப்பு ஒன்றை, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே தருகிறது. அதைவிட நல்ல வழி தறிச் சத்தம். நாடா ஓடும் ஓசை எந்த டிரெண்டிங் பாட்டுக்கும் குறைந்ததல்ல, அதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. தறி ஓட்டுபவரிடம் மட்டும் கேட்க வேண்டும். அவர் முகம் வருகிறதென்றால் எங்கே, எதற்கு வெளியாகும் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் அன்பாக அனுப்பும் கல்யாணப் படத்துக்கும் அதே மரியாதை. இன்பாக்ஸில் வந்ததாலேயே அது கடைக்குச் சொந்தமாகிவிடாது.

கமெண்ட் பகுதியில் அதிகம் வரும் கேள்வி "விலை?" என்பது. "இன்பாக்ஸ் பாருங்க" என்று பதில் போடும் வழக்கம் வாங்க வந்தவரைச் சலிக்க வைக்கிறது, ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகத்தையும் கிளப்புகிறது. விலையைப் பதிவிலேயே எழுதிவிட வேண்டும் என்று மேலாளரிடம் எடுத்துச் சொல்வது நல்ல பயிற்சியாளர் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று. தமிழில் கேட்டவருக்குத் தமிழில், தங்கிலீஷில் கேட்டவருக்கும் புரியும்படி எளிய தமிழில் பதில் தரலாம். புகார் வந்தால் அழிக்கக் கூடாது, ஆர்டர் எண்ணைக் கேட்டு உரியவரிடம் சேர்க்க வேண்டும். மாடலின் உடம்பையும் நிறத்தையும் கேலி செய்யும் கமெண்டுகள் வேறு வகை. அவற்றை மறைப்பதும் தடுப்பதும் சரியே. நாள் முழுக்க அந்த வசவுகளைப் படிக்கும் வேலையை இருபது வயதுப் பெண் ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடுவது மட்டும் சரியல்ல. முறை வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை 2024இலிருந்து இன்ஸ்டாகிராம் முதன்மை அளவாக முன்வைக்கிறது. ஆனால் துணி வியாபாரத்தில் சேமித்து வைத்தவர்களும் வேறொருவருக்கு அனுப்பியவர்களும்தான் வாங்க நினைப்பவர்கள். "அம்மா, இது எப்படி இருக்கு?" என்று ஒரு பெண் தன் தாய்க்கு அனுப்பிய சேலைப் படம், அப்படியே கடந்துபோன ஆயிரம் பார்வைகளைவிடக் கல்லாவுக்கு நெருக்கமானது. மாத அறிக்கையில் இந்த இரண்டையும், வந்த விசாரணைகளையும், படத்தைக் காட்டி விற்றதில் எத்தனை திரும்பி வந்தது என்பதையும் சேர்த்து எழுதத் தெரிந்தவரை நிறுவனங்கள் நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்புகின்றன.

இனிப் பயிற்சியின் நிபந்தனைகள். இந்தியாவில் பயிற்சியாளருக்கென்று தனியாக, எல்லோருக்கும் பொதுவான ஊதியச் சட்டம் இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு மட்டும் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் உண்டு. 2019 விதிகளில் அது படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை இருந்தது. 2024இல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தந்தது, ஆனால் பெரிய நிறுவனங்களில் மட்டும். மற்ற இடங்களில் எல்லாமே பேச்சுவார்த்தைதான். பிரான்ஸில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பணம் தருவது கட்டாயம். அமெரிக்காவில் வோக் உள்ளிட்ட ஃபேஷன் இதழ்களை நடத்தும் காண்டே நாஸ்ட் மீது முன்னாள் பயிற்சியாளர்கள் 2013இல் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் அந்த ஆண்டே பயிற்சித் திட்டத்தை நிறுத்தியது, அடுத்த ஆண்டு 58 லட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. அனுபவம் கிடைக்கிறதே என்று சொல்லிச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது, வீட்டிலிருந்து பணம் வாங்கிச் சென்னையில் தங்க முடிந்தவர்களுக்கு மட்டும் இந்தத் துறையின் கதவைத் திறந்துவிடுகிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை வெளியே நிற்க நேர்கிறது. துணியைப் பற்றி மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர்.

ஆகவே சேரும் முன்பே ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை மாதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, யாரிடம் பொறுப்பு, ஞாயிறு உண்டா, தீபாவளி நேரத்து இரவு வேலைக்கு வண்டி உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். நிறுவனக் கணக்கை நடத்தக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது நல்லதல்ல. மெட்டா பிசினஸ் சூட்டில் பயிற்சியாளர் பெயரில் அனுமதி கொடுத்தால், எந்தப் பதிவை யார் போட்டார் என்ற பதிவும் இருக்கும், பயிற்சி முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடவும் முடியும். நிறுவனப் படங்கள் சொந்தக் கைப்பேசியில் நிரம்புவதைத் தவிர்க்கத் தனிக் கைப்பேசியோ மெமரி கார்டோ கேட்கலாம்.

பெண்களும் அவர்கள் வீட்டாரும் அவசியம் அறிய வேண்டியது: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் என்ற வரையறைக்குள் பயிற்சியாளரும் வருகிறார், சம்பளம் வாங்காதவரும் வருகிறார். வெளியூர்ப் படப்பிடிப்பும் அதற்குப் போக நிறுவனம் தரும் வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன பூட்டிக்காக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

பயிற்சியை முடித்துக் கிளம்பும்போது செய்ய வேண்டியவை சிலவே. எடுத்த படங்களின் உரிமை பொதுவாக நிறுவனத்துடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அவற்றைத் தன் வேலைத் தொகுப்பில் காட்டலாம் என்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிவராத துணிகளின் படங்களை அதில் சேர்க்கக் கூடாது. செய்த வேலையைத் தலைப்பிட்டுச் சொல்லும் சான்றிதழ் வேண்டும், "வெற்றிகரமாக முடித்தார்" என்ற ஒற்றை வரி அடுத்த வேலைக்கு உதவாது. வரும் வாரங்களுக்கு நேரம் குறித்து வைத்த பதிவுகள், பதில் தராமல் நிற்கும் புகார்கள், பார்சல் அனுப்பிய இன்ஃப்ளூயன்சர்கள் என எல்லாவற்றின் பட்டியலையும் அடுத்து வருபவரிடம் உட்கார்ந்து விளக்கிக் கொடுத்துவிட்டு, தன் கைப்பேசியில் இருக்கும் நிறுவனக் கணக்கிலிருந்து வெளியேறிவிடலாம்.